இலவச மென்பொருளுக்கு எதற்கு ஆண்டுக் கட்டணம்?

கேள்வி: எங்கள் உதிரிபாக விநியோக நிறுவனத்தில் முப்பது பேர் வேலை செய்கிறோம். பில், பர்ச்சேஸ் ஆர்டர், ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைக்க ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரல் (சோர்ஸ் கோட்) எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள் தேடுகிறோம். இலவசம் என்கிறார்கள், அப்புறம் சப்போர்ட்டுக்கு ஆண்டுக் கட்டணமும் கேட்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: மென்பொருள் இலவசம்தான். கட்டணம், சர்வர் படுத்துவிட்டால் வந்து நிமிர்த்துபவருக்கு. பாதுகாப்புத் திருத்தங்களைப் போடவும் பேக்கப்பைக் கவனிக்கவும் தெரிந்தவர் உங்கள் அலுவலகத்திலேயே இருந்தால் அந்தச் செலவு வேண்டாம். இல்லையென்றால் கட்டிவிடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள். அவ்வளவு காலத்துக்கு, அலுவலகத்தில் கணினி பார்க்கும் ஒரே பையனின் ஞாபகத்தை நம்ப முடியாது.

எதற்குக் கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்டுங்கள். ஆவணங்களைச் சேமித்து நிர்வகிக்கும் அல்ஃப்ரெஸ்கோ மென்பொருளில் இலவசப் பதிப்பு வேறு, கட்டணப் பதிப்பு வேறு. சில வசதிகள் பணம் கட்டியவருக்கு மட்டும்தான். கோப்புகளைச் சொந்த சர்வரில் வைத்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடில் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, சந்தா உதவிக்கு. என் ஓட்டு இந்த இரண்டாவது வகைக்குத்தான். ஸ்கேன் செய்த காகிதங்களைப் படித்து அடுக்கிவைக்கும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸை நடத்துவது தன்னார்வலர்கள், பின்னால் நிறுவனம் கிடையாது. ஆனாலும் ஸ்கேன் செய்த பில்களுக்கு அது கச்சிதம். தமிழ் மொழிக்கோப்பைச் சேர்த்தால் அச்சடித்த தமிழையும் படித்துத் தேடலில் காட்டும். கையால் எழுதிய பில்லை எதிர்பார்க்காதீர்கள். பேப்பர்லெஸ்ஸுக்கு உள்ளூர் சர்வீஸ்காரர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

பலரும் கேட்க மறப்பது, கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதை. நெக்ஸ்ட்கிளவுடின் வழக்கமான அமைப்பில் நீங்கள் வைத்த பெயரிலேயே கோப்பு இருக்கும். பேப்பர்லெஸ்ஸில் பெயர் எப்படி அமைய வேண்டும் என்று நீங்களே சொல்லிவைக்கலாம். அல்ஃப்ரெஸ்கோவிலோ ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், கடைசியில் நீளமான எண்ணெழுத்துப் பெயரில் '.bin' என்று முடியும் ஒரு கோப்பு கிடக்கும். அது எந்தப் பார்ட்டியின் பில் என்பது, மென்பொருள் தன் விவரங்களைத் தனியாகப் பதிந்துவைக்கும் டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரியும். ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், டேட்டாபேஸ் போன அன்று குப்பைதான் மிஞ்சும்.

ஆகவே முதல் தவணை கொடுக்கும் முன், டேட்டாபேஸையும் சேர்த்து எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் உங்கள் கண்முன் ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கும் ஏதாவது ஒரு பழைய பில்லை அதிலிருந்து எடுத்துக் காட்டட்டும். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.