திமிங்கில அத்தியாயங்களைத் தாண்டிப் போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்துவிட்டு, இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். முதன்மைப் பாடம் கணினி அறிவியல். இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தை எடுத்திருக்கிறேன். மெல்விலின் ‘மோபி டிக்’ நாவலுக்கு மூன்று வாரம், அதன்பின் கவிஞர் வால்ட் விட்மன். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திமிங்கில வகைகளைப் பற்றிய பாடம் தொடங்கிவிடுகிறது. அந்த அத்தியாயங்களைத் தாண்டிப் போனால் என்ன நஷ்டம்? இன்னொன்று: என் முதல் கட்டுரை ‘கதைச் சுருக்கம் அதிகம், வாதம் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அடுத்தது ஐந்து பக்கம், மோபி டிக் பற்றி. எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாண்டாதீர்கள். அதிலும் 32ஆம் அத்தியாயத்தை விடவே கூடாது.

28ஆம் அத்தியாயத்தில் திமிங்கில வேட்டைக் கப்பலின் கேப்டன் ஏஹாப் முதல்முறையாக மேல்தளத்துக்கு வருகிறார். 36இல் பொற்காசு ஒன்றைப் பாய்மரத்தில் ஆணியால் அறைந்து, மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்தைக் கொல்வதாக மாலுமிகளிடம் சத்தியம் வாங்குகிறார். இரண்டுக்கும் நடுவில்தான் கதைசொல்லியான மாலுமி இஷ்மேலின் திமிங்கிலப் பாடம் வருகிறது. திமிங்கிலம் மீனல்ல என்று, உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் பிரித்துவிட்டதை அவன் அறிவான். ஆனாலும் பைபிளில் பெரிய மீன் விழுங்கிய யோனாவைத் துணைக்கு அழைத்து, மீன்தான் என்று சாதிக்கிறான். பிறகு அச்சுப் புத்தகங்களின் அளவைக் கொண்டு திமிங்கிலங்களை ஃபோலியோ, ஆக்டேவோ, டுவோடெசிமோ என்று அடுக்குகிறான். கடைசியில், உச்சியில் பாரந்தூக்கி நிற்க முடிவடையாமல் கிடக்கும் கொலோன் பேராலயத்தைக் காட்டி, என் பட்டியலும் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறான். திமிங்கிலத்தை முழுதாக அறிய முடியாது என்று ஒருவன் ஒப்புக்கொண்ட நான்கே அத்தியாயங்களில், அது என்னவென்று தனக்குத் தெரியும் என்று இன்னொருவர் கிளம்புகிறார். முன்னதைப் படிக்காவிட்டால் பின்னது வெறும் பழிவாங்கும் கதையாகிவிடும்.

நேரம் ஒரு பிரச்சினையே அல்ல. நாவல் ஏறக்குறைய 2,10,000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் என்று நிதானமாகப் படித்தாலும் 17, 18 மணி நேரம்தான். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். முதல் வாரம் 42ஆம் அத்தியாயம் வரை, இரண்டாம் வாரம் 99 வரை. மூன்றாம் வாரத்தில் மிச்சம் குறைவு, அப்போது கட்டுரையையும் தொடங்கிவிடலாம். எல்லாவற்றையும் சனி ஞாயிறுக்குத் தள்ளிவைத்தால்தான் கெட்டுப்போகும். இந்த உரைநடையை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் படித்தால் கண் ஓடும், மனம் ஓடாது.

பேராசிரியர் சொன்ன பதிப்பையே வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது படிக்க உதவும், ஆனால் வகுப்பில் பக்க எண் சொல்லும்போது தடுமாறுவீர்கள். அடிக்குறிப்புகளும் இருக்காது. பதிப்பு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாவலே சாட்சி. 1851 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தபோது கடைசியில் இருக்கும் பின்னுரை விடுபட்டுப்போனது. இஷ்மேல் மட்டும் பிழைத்த செய்தி இருப்பது அதில்தான். எல்லோரும் மூழ்கிவிட்டார்கள் என்றால் கதை சொன்னது யார் என்று அங்கே மதிப்புரை எழுதியவர்கள் கேட்டார்கள்.

இனி கட்டுரை. இரட்டை வரி இடைவெளியில் ஐந்து பக்கம் என்பது 1,300, 1,400 சொற்கள். ‘ஏஹாபின் வெறி’, ‘மனிதனும் இயற்கையும்’ போன்ற தலைப்பு அதில் அடங்காது. அடங்காததை அடைக்கப் பார்க்கும்போது கதைச் சுருக்கம்தான் வரும். ஒரே ஓர் அத்தியாயத்தை எடுங்கள். 99ஆம் அத்தியாயம் இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. பாய்மரத்தில் அறைந்த அந்த எக்வடார் காசில் மூன்று மலைச் சிகரங்கள்: ஒன்றில் தீ, ஒன்றில் கோபுரம், ஒன்றில் கூவும் சேவல். மேலே ராசிகளின் வளைவு. ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். ஏஹாப் மூன்றிலும் தன்னையே காண்கிறார். அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்டார்பக்குக்கு அது கிறிஸ்தவத் திரித்துவம். இரண்டாம் அதிகாரி ஸ்டப் பஞ்சாங்கத்தைப் புரட்டி 12 ராசிகளிலும் மனித வாழ்க்கையைப் படிக்கிறான். மூன்றாம் அதிகாரி ஃபிளாஸ்க் கண்ணுக்கு அது 16 டாலர், அவ்வளவுதான். சுருட்டு இரண்டு சென்ட் என்றால் 960 சுருட்டு என்கிறான். போட்டுப் பாருங்கள், 800தான் வரும். காசை வெறும் காசாகப் பார்ப்பவனின் கணக்கும் தப்பு. கடைசியில் சிறுவன் பிப் வந்து, நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று இலக்கணப் பாடம்போல் ஒப்பிக்கிறான்.

‘காசு பேராசையின் குறியீடு’ என்று எழுதினால் நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்கிறீர்கள், அது வாதமாகாது. ‘இந்த அத்தியாயம் காசுக்குப் பொருள் தருவதில்லை, பொருள் தருபவர்களை வரிசையாக நிற்கவைத்துக் காட்டுகிறது’ என்றால் வாதம். நாவலைப் படித்த ஒருவர் மறுத்துப் பேச அதில் இடமிருக்கிறது. மறுக்க முடியாத வாக்கியம் தகவல்தான்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனியாகப் படியுங்கள். ‘ஏஹாப் இதைச் செய்கிறார்’ என்று தொடங்கும் பத்தி அநேகமாகச் சுருக்கம். ‘இதை மெல்வில் இந்த இடத்தில் வைப்பதால்’ என்று தொடங்கினால் வாதத்துக்குள் வந்துவிட்டீர்கள். மேற்கோள் ஓரிரு வரி போதும்; அதைப்போல் இருமடங்காவது உங்கள் விளக்கம் இருக்கட்டும். எம்எல்ஏ (Modern Language Association) என்ற அமெரிக்க மொழி, இலக்கியச் சங்கத்தின் கட்டுரை முறையில் நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடை மேற்கோளை அரை அங்குலம் தள்ளித் தனியே வைக்கவேண்டும். அப்படி இரண்டு வைத்தால் ஒரு பக்கம் போச்சு. கதை நிகழ்வுகளை நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘1819இல் நியூயார்க்கில் பிறந்த மெல்வில்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது நம் பள்ளிப் பாடநூலின் ‘ஆசிரியர் குறிப்பு’ பழக்கம், உங்கள் பல்கலைக்கழகத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. விமர்சன நூல்களை முதல் வரைவு முடிந்தபின் தொடுங்கள்.

விட்மனுக்குப் போகும்போது, அவருடைய ‘புல்லின் இதழ்கள்’ (Leaves of Grass) தொகுப்பில் பாடத்திட்டத்தில் இருப்பது 1855 பதிப்பா, 1891-92 பதிப்பா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் பதிப்பில் மொத்தமே 12 கவிதைகள். இன்று 52 பிரிவுகளாகப் படிக்கப்படும் ‘Song of Myself’ என்ற நீண்ட கவிதைக்கு அதில் பிரிவு எண்ணே கிடையாது. வகுப்பில் ‘6ஆம் பிரிவு’ என்றால் புல்லைப் பற்றிக் குழந்தை கேள்வி கேட்கும் இடத்தை நீங்களேதான் தேடிப் பிடிக்கவேண்டும்.