மூன்று வயது ஆவதற்குள் டிஸ்னி போய்விடலாமா?

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு இரண்டரை. இந்த விடுமுறையில் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போக ஆசை. மகனுக்கு மூன்று வயது ஆவதற்குள் போனால் அவனுக்கு டிக்கெட்டே வேண்டாம். மகளுக்கும் பத்து ஆகவில்லை, சிறுவர் டிக்கெட் போதும். ஆனால் அவசரச் செலவுக்கு ஒதுக்கியதை விட்டுவிட்டால், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. மீதிக்கு 15 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டு தனிநபர் கடன் தருகிறார்கள். கணவரோ, "பூங்காவில் கால் கடுக்க நிற்பதற்கு ஏழு இரவு க்ரூஸ் கப்பலில் போகலாம், சாப்பாடு, அறை எல்லாம் அதிலேயே அடக்கம்" என்கிறார். கடன் வாங்கிப் போகலாமா? எது சிக்கனம்?

பதில்: கடன் வேண்டாம். தேதியைத் தள்ளிப்போடுங்கள். பூங்காவா கப்பலா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த "இலவச டிக்கெட்" கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்களை அவசரப்படுத்துவதே அதுதான்.

மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி மூன்று பேருக்கான பூங்கா டிக்கெட் அதில் கால் பங்கு, அதாவது ஒரு டிக்கெட் சுமார் 8. மகனுக்கு மூன்று வயது ஆவதற்குள் போனால் மிச்சமாவது இந்த 8. மகள் பத்தைத் தாண்டினால் பெரியவர் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் டிஸ்னி வேர்ல்டில் சிறுவர் டிக்கெட்டுக்கும் பெரியவர் டிக்கெட்டுக்கும் வித்தியாசம் சொற்பம். அதை நம்பித் தேதி குறிக்க வேண்டியதில்லை.

இப்போது கடன் பக்கம். நீங்கள் வாங்க வேண்டியது 67. 15 சதவீத வட்டி, 24 மாதத் தவணை என்றால் மாதம் 3.2-க்குக் கொஞ்சம் மேலே. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 11 ஆகியிருக்கும். 8 மிச்சம் பிடிக்க 11 கொடுக்கிறீர்கள். இதில் வங்கி பிடிக்கும் கடன் பரிசீலனைக் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை. கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மெதுவாகக் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மாதம் 3 சதவீத வட்டி போடும் கார்டில் இதே 67-ஐ 24 மாதத்தில் கட்டினால் வட்டியாக மட்டும் சுமார் 28 போகும்.

அந்த மாதத் தவணையை வங்கிக்குக் கட்டாமல் உங்கள் கணக்கிலேயே போட்டால் என்ன ஆகும்? 21 மாதத்தில் முழுத் தொகையும் சேர்ந்துவிடும். கடன் வாங்கினால் 24 மாதம். இடையில் விலை ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும். வைப்பு வட்டி அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், மிச்சத்துக்காகப் பயணத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம். அது உங்கள் கையில் இருக்கிற முடிவு. இஎம்ஐ தேதி அப்படியில்லை.

இதில் கணக்குக்குள் வராத ஒரு விஷயமும் இருக்கிறது. இரண்டரை வயதுப் பையனுக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனால் அவன் எதில் ஏறப்போகிறான்? பெரிய ரைடுகளுக்கெல்லாம் உயர வரம்பு உண்டு. குடும்பங்கள் முதலில் ஓடிப்போய் வரிசையில் நிற்கும் 'செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயின்', 'ஸ்லிங்கி டாக் டாஷ்' இரண்டுக்கும் 97 சென்டிமீட்டர் வேண்டும். 'ஸ்பேஸ் மவுன்டன்' என்றால் 112. நுழைவாயிலில் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். 'ரைடர் ஸ்விட்ச்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் போய்விட்டு வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இலவசம்தான். ஆனாலும் நாள் முழுக்க ஸ்ட்ரோலர் பக்கத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் காவல் நிற்பதற்கா இவ்வளவு செலவு? 21 மாதம் கழித்துப் போனால் அவனுக்கு நான்கு வயது தாண்டியிருக்கும். 97 சென்டிமீட்டரை எட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 112-க்கு இன்னும் காத்திருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட முடியாது.

கப்பலிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. பெரும்பாலான க்ரூஸ் நிறுவனங்கள் ஆறு மாதக் குழந்தையையே ஏற்றிக்கொள்கின்றன. ஆனால் டயப்பர் விடாத குழந்தையை நீச்சல்குளத்தில் இறக்க பொதுவாக அனுமதி இல்லை. நீந்தும்போது போடும் டயப்பரோடும் கிடையாது. சில கப்பல்களில் அவர்களுக்கென்று தண்ணீர் பீய்ச்சும் தனி இடம் இருக்கும், அவ்வளவுதான். ராயல் கரீபியன், டிஸ்னி ஆகிய இரண்டு க்ரூஸ் நிறுவனங்களிலும் சிறுவர் கிளப் மூன்று வயதிலிருந்து, டயப்பர் விட்ட பிள்ளைகளுக்கு. அதற்கான செலவு கட்டணத்திலேயே அடக்கம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மணிக்கணக்கில் காசு வாங்கும் நர்சரி. கப்பலில் பெற்றோருக்குக் கிடைக்கும் உண்மையான ஓய்வே அந்த கிளப்தான். உங்கள் கணவர் கேட்கும் "அலைச்சல் இல்லாத விடுமுறை" மகனுக்கு மூன்று வயது ஆன பிறகே தொடங்குகிறது.

சரி, "எல்லாம் அடக்கம்" என்பதற்கு வருவோம். அடக்கம்தான், ஆனால் எல்லாம் இல்லை. க்ரூஸ் விளம்பரத்தில் வரும் விலை அநேகமாக ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்பது. அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும், சில சமயம் "குழந்தைகளுக்கு இலவசம்" என்றே போடுவார்கள். இலவசமாவது அடிப்படைக் கட்டணம் மட்டும். வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் தலைக்குத் தலை உண்டு. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, அமெரிக்கச் சந்தையில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மற்ற இடங்களில் பதிவு செய்பவர்கள் கடைசித் திரை வரை போய், மொத்தத்தைப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

விளம்பர விலையில் வராத இன்னொன்று டிப்ஸ். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இது கொடுப்பவர் மனசைப் பொறுத்த விஷயமாக நடப்பதில்லை. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று உங்கள் கப்பல் கணக்கில் தானாகவே ஏறிவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் என்றே வைத்தாலும் நான்கு பேர், ஏழு இரவு, 448 டாலர். (மிகச் சிறிய குழந்தைக்குச் சில நிறுவனங்கள் விலக்கு தருகின்றன; இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.) அதன்மேல் வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் ஏற்பாடு, போட்டோ, தனிக் கட்டண உணவகம். கப்பலில் ரொக்கம் புழங்காது. கேபின் சாவி அட்டையை நீட்டினால் போதும், கணக்கு கிரெடிட் கார்டில் ஏறும். மதுபானத் திட்டம் (நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிக் குடிக்கும் ஏற்பாடு) எடுப்பதாக இருந்தால் இன்னொரு சங்கதி: ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் ஒரு கேபினில் ஒருவர் எடுத்தால், குடிக்கும் வயது வந்த எல்லோரும் எடுத்தாக வேண்டும். நீங்கள் குடிக்காதவர் என்றால் உங்கள் கணவரின் ஒரு கிளாஸ் இரண்டு பேர் விலைக்கு வரும்.

பூங்காவில் பணம் வேறு வழியில் கரைகிறது. அங்கே விலை நாளைப் பொறுத்தது. டிஸ்னி வேர்ல்டு 2018 அக்டோபரிலிருந்தே தேதிக்கேற்ற விலைக்கு மாறிவிட்டது. பள்ளி விடுமுறையில், கிறிஸ்துமஸ் வாரத்தில் உச்சம். அந்த உச்ச நாட்களில் வரிசையும் உச்சம், எனவே வரிசையைத் தாண்ட இன்னொரு செலவு. 1999-இல் தொடங்கிய 'ஃபாஸ்ட்பாஸ்' டிக்கெட்டோடு இலவசமாக வந்தது. 2021-இல் அதை முறைப்படி கைவிட்டு, காசு கொடுத்து வாங்கும் 'லைட்னிங் லேன்' கொண்டுவந்தார்கள். ஆளுக்கு, நாளுக்கு. அதன் விலையும் தேதியைப் பொறுத்து மாறும். ஆக, கூட்டம் அதிகமான நாளில் டிக்கெட்டுக்கும் அதிகம் கொடுத்து, அந்தக் கூட்டத்திலிருந்து தப்பிக்கவும் அதிகம் கொடுக்கிறீர்கள். எனக்குப் பிடிக்காத வியாபாரம், ஆனால் நன்றாக ஓடுகிறது. கூட்டம் குறைந்த வாரத்தில் போனால் இரண்டு பக்கமும் மிச்சம். மகனையும் பள்ளியில் சேர்த்துவிட்டால் இந்தச் சுதந்திரம் இன்னும் சுருங்கும் என்பது தள்ளிப்போடுவதில் உள்ள ஒரு நிஜமான நஷ்டம்.

பூங்காச் செலவை நடுவழியில் குறைக்க முடியும். மூன்று நாளை இரண்டாக்கலாம், தூரத்து விடுதியில் தங்கலாம், சாப்பாட்டை நீங்களே எடுத்துப் போகலாம். டிஸ்னி வேர்ல்டில் வெளி உணவு அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் ஆகாது. கப்பலில் அடிப்படைச் செலவு முன்கூட்டியே நிலைத்துவிடும், அதற்கு மேலான செலவில்தான் கை வைக்க முடியும். அதனால் செலவைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்த குடும்பத்துக்குக் கப்பல்தான் கணிக்க எளிது. உங்கள் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் அந்த வகை என்றே தோன்றுகிறது. என் ஓட்டு உங்கள் கணவருக்கு. மகள் மனம் வாடும் என்றால், ஆர்லாண்டோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போர்ட் கனாவரல் துறைமுகம் இருக்கிறது. நான்கு இரவுக் கப்பலும் அதற்கு முன்னால் இரண்டு நாள் பூங்காவுமாகப் போட்டுப் பாருங்கள். ஏழு இரவும் பூங்காவும் சேர்த்து வேண்டாம்.

கப்பல் என்று முடிவானால், கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே துறைமுக நகருக்குப் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கரையில் சுற்றிப்பார்க்கக் கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்ததில் போனால் அந்த வண்டிக்காகக் காத்திருப்பார்கள், வெளியாரிடம் எடுத்தால் அது உங்கள் பாடு. கிளம்பியதும் போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கோடு அது இணைந்தால் வரும் ரோமிங் பில் தனி அதிர்ச்சி. பயணக் காப்பீட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பல் மருத்துவமனை காசு வாங்கிக்கொண்டுதான் பார்க்கும், நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கக்கூடியது. பாலிசியில் அவசர மருத்துவ இடமாற்றம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது, சம்பள நாளன்று தவணைக்கு நிகரான அந்த 3.2 தானாகவே போய்ச் சேரும்படி தனிக் கணக்கு ஒன்று. முக்கால் தொகை சேர்ந்த பிறகு முன்பதிவு செய்யுங்கள், முன்பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணமாகப் பார்த்து. திரும்பக் கிடைக்காதது கொஞ்சம் மலிவாகத்தான் இருக்கும், ஆசைப்படாதீர்கள். மீதிப் பணத்தைப் பொதுவாகப் பயணத்துக்கு இரண்டரை முதல் நான்கு மாதம் முன்பே கட்டச் சொல்வார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் கட்டணம் இறங்கினால் குறைந்த விலைக்கு மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு, அவ்வப்போது பார்த்துக் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் முழுத் தொகையும் சேரவில்லை என்றால் பதிவை ரத்து செய்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பருவத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.