அம்பிளிபயரின் வயரை எலி கடித்தால்

கேள்வி: கோயில் விசேடங்களுக்குப் பாவிக்கும் எங்கள் பழைய அம்பிளிபயரின் மின்வயரை, பின்பக்கத் துளைக்கு அருகே எலி கடித்துவிட்டது. செருகிக் கழற்றும் வகை வயர் அல்ல, உள்ளேயே பற்றவைத்தது. ரேப் சுற்றிச் சமாளிக்கலாமா? மாற்றுவதானால் மூன்று கம்பி வயர் போடலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ரேப் வேண்டாம். பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் வயர் வளைவது அந்த இடத்தில்தான். வைகாசி வெயிலில் ரேப்பின் பசை இளகிவிடும். ஈயம் பற்றவைக்கத் தெரிந்து, கையில் மல்ரிமீற்றரும் இருந்தால் நீங்களே மாற்றலாம். இல்லாவிட்டால் திருத்துநரிடம் கொடுங்கள். அவருக்கு இது சின்ன வேலை.

எத்தனை கம்பி என்பதை அம்பிளிபயரே சொல்லும். பின்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்புள்ள சாதனம். இரண்டு கம்பி போதும், ஏர்த் சேர்க்கக் கூடாது. மூன்று கம்பியோடு வந்ததென்றால் மூன்றும் வேண்டும். இரைச்சல் கேட்கிறதென்று ஏர்த்தை வெட்டிவிடும் ஒலிபெருக்கிக்காரர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்து நிற்கும் ஐயரை அவர்கள் நினைப்பதில்லை. சதுரக் குறியும் இல்லை, ஏர்த்தும் இல்லை, உடல் மட்டும் இரும்பு என்றால் திருத்துநர் பார்த்தே முடிவு செய்யட்டும்.

அதே தகட்டில் வோல்ற் அளவையும் வாசியுங்கள். நமது மின்சாரம் 230 வோல்ற். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ற் பெட்டிக்குப் புது வயர் போட்டு நேரே செருகினால் ட்ரான்ஸ்போமர் கருகிவிடும்.

பிளக்கைக் கழற்றிய உடனே மூடியைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் பெரிய கப்பாசிற்றர்கள் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். சிறிது நேரம் விட்டு, அவற்றின் முனைகளில் மீற்றர் வைத்து, அளவு ஓரிரு வோல்ற்றுக்கு இறங்கிய பின்பே கை வையுங்கள். பழைய வயர் எங்கெங்கே போகிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைவ் கம்பி முதலில் பியூஸுக்குத்தான் போக வேண்டும். புது வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் ஏர்த். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 6 அம்பியர் தாங்கும். கோயில் அம்பிளிபயருக்கு அது பெரும்பாலும் போதும். தடித்த வயரால் ஓசை இனிக்கும் என்பது வியாபாரிகளின் கதை.

பலர் கோட்டை விடுவது துளையில்தான். வயரை இறுகப் பிடிக்கும் பிளாஸ்ரிக் பிடி அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். பழையதைக் குறட்டால் நெரித்து எடுக்கலாம். உடைந்தால் வயரின் பருமனுக்கு ஏற்ற புதியதை வாங்குங்கள். உள்ளே முடிச்சுப் போடுவது அதற்கு ஈடாகாது. ஏர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டால் அது கடைசியாகவே அறும்.

மறுமுனைக்கு 3 அம்பியர் பியூஸ் போட்ட 13 அம்பியர் பிளக் நல்லது. 3 அம்பியர் ஏறத்தாழ 690 வாற் வரை தாங்கும். இரண்டு முனைப் பிளக்கைச் செருக ஏர்த் துளைக்குள் ஈர்க்கு விடும் வேலையும் அதோடு ஒழியும்.

மின்சாரம் கொடுக்கும் முன், அம்பிளிபயரின் சுவிச்சைப் போட்டபடி, பிளக்கின் லைவ், நியூற்றல் முனைகளுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே மீற்றரால் பாருங்கள். தொடர்பு காட்டக் கூடாது. மூன்று கம்பி வயரானால், ஏர்த் முனைக்கும் உடலுக்கும் இடையே காட்ட வேண்டும். முதல் தடவை 100 வாற் இழை பல்ப் ஒன்றைத் தொடராக, அதாவது மின் பல்ப்பைக் கடந்தே அம்பிளிபயருக்குப் போகும்படி, இணைத்துப் போடுங்கள். பளிச்சிட்டு மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். பழுது வயரில் மட்டும் இல்லை.