ரோசாட் வரைபடத்தில் கோடுகள்: நிரலில் பிழையில்லை

ரோசாட் என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் வான வரைபடத்தை வரைந்தால் கோடுகள் வருகின்றன, நிரலில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோடுகள் தரவிலேயே இருப்பவை, நிரலை நோண்ட வேண்டாம். 0.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (மென் எக்ஸ் கதிர், அதாவது குறைந்த ஆற்றல்) படத்தில்தான் பளிச்சென்று தெரிகின்றன என்கிறீர்களே, அதுவே துப்பு.

1990-91இல் ரோசாட் சூரியத் திசைக்குச் செங்குத்தான பெருவட்டங்களில், சுமார் 2 பாகை அகலப் பட்டைகளாக வானத்தை வருடியது. சூரியக் காற்று பலமாக வீசிய நாட்களில் அதன் அயனிகள் பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனிடம் எலக்ட்ரானைப் பறித்து மென் எக்ஸ் கதிரை உமிழும். அந்த நாளின் பட்டை மட்டும் பிரகாசமாகிவிடும். (1996இல் ஹியாகுடாகே வால்மீன் எக்ஸ் கதிரில் மின்னியதும் இதே கூத்துதான்.) வெளியான வரைபடங்களில் இந்தக் கூடுதல் ஒளியின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிவது மிச்சம்.

சோதிக்க: படத்தைச் சூரிய வீதி ஆயங்களுக்கு (ecliptic coordinates) மாற்றுங்கள். கோடுகள் துருவத்துக்குத் துருவம் நேராக ஓடினால் வருடல் தடமேதான். படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் ஹீல்பிக்ஸ் (வானத்தைச் சம பரப்புக் கட்டங்களாகப் பிரிக்கும் முறை) கட்டங்களின் எண் வரிசை ரிங்கா, நெஸ்டடா என்று பாருங்கள்.

ஒரு விஷயம், கோட்டை அழிக்கிறேன் என்று கண்டபடி வடிகட்டி போடாதீர்கள். வடதுருவக் கிளை (North Polar Spur, எக்ஸ் கதிரில் தெரியும் பெரிய வளைவு) போன்ற நிஜ அமைப்புகளும் கரைந்துபோகும். அப்படியே அழித்தாலும், சூரியக் காற்றின் சீரான பங்கு கோடாகத் தெரியாமல் உள்ளேயே இருக்கும். 2012இல் பறந்த டிஎக்ஸ்எல் என்ற ஆய்வு ராக்கெட்டின் அளவீட்டின்படி, பால்வெளித் தளத்தில் இந்த ஆற்றலில் வரும் மொத்த எக்ஸ் கதிரில் அது சுமார் 40 சதவீதம்.