மார்பில் கட்டி: பால் கொடுக்கலாமா?

கேள்வி: குழந்தைக்கு ஆறு வாரம். இடது மார்பில் வலியோடு கட்டி, காய்ச்சல். மூன்று நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். மதுரை மல்லி தலையிலேயே இருக்கட்டும்! பால் தேங்கினால் வீக்கம் கூடும். 48 மணி நேரம் மருந்து சாப்பிட்டும் தணியவில்லை என்றால் உள்ளே சீழ் கோத்திருக்கலாம். அழுத்தினால் நடுவில் மெத்தென்று தளும்பும்; ஆழத்தில் இருந்தால் அதுவும் தெரியாது. இன்றே ஸ்கேன் எடுங்கள். சீழ் இருந்தால், மரத்துப்போக மருந்து போட்டு ஊசியால் உறிஞ்சுவார்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி உறிஞ்ச நேரலாம். மேல்தோல் மெலிந்து பளபளத்தால் கீறித்தான் எடுக்க வேண்டும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினால் சரியான மருந்து தெரியும். பெரும்பாலும் அதை 10 முதல் 14 நாள் சாப்பிட வேண்டும். இரு பக்கமும் பால் கொடுக்கலாம். பிசையாதீர்கள், குளிர்ந்த ஒத்தடம் போதும்.