உங்கள் மின்னஞ்சல் கடிதங்களைச் சேவை நிறுவனம் யாருக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. கணவரின் மின்னஞ்சல்களைக் கேட்டு, சேவை நிறுவனத்துக்கு என் வக்கீல் சப்பீனா (ஆவணங்களைத் தரச் சொல்லும் சட்ட ஆணை) அனுப்பினார். மறுத்துவிட்டார்கள். அப்படி மறுக்க முடியுமா?

பதில்: முடியும். சொல்லப்போனால், மறுத்தே ஆக வேண்டும். பொதுமக்களுக்குச் சேவை தரும் நிறுவனம் கடிதத்தின் உள்ளடக்கத்தை யாருக்கும் தரக் கூடாது என்பது 1986-ல் வந்த சேமிக்கப்பட்ட தகவல்தொடர்புச் சட்டத்தின் பொது விதி (2702-ஆம் பிரிவு). அனுப்பியவர் அல்லது பெற்றவரின் சம்மதம், உயிருக்கு ஆபத்து எனச் சில விதிவிலக்குகள் உண்டு. சிவில் வழக்குச் சப்பீனா அந்தப் பட்டியலில் இல்லை. வக்கீல்களே அடிக்கடி இடறும் இடம் இது.

நிறுவனத்தை விட்டுவிட்டு, கணவரையே கேளுங்கள். ஆவணங்களை ஒப்படைக்கும் கோரிக்கையை உங்கள் வக்கீல் எதிர்த்தரப்புக்கு அனுப்பட்டும். தராவிட்டால் நீதிபதியிடம் கட்டாய உத்தரவு கேட்கலாம். கோரிக்கையில் தேதி வரம்பும் விஷயமும் குறிப்பாக இருக்கட்டும். ‘எல்லாம் வேண்டும்’ என்றால் ஆட்சேபம் எழும், நீதிபதியும் சுருக்கச் சொல்வார். அழித்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், எதையும் அழிக்கக் கூடாது என்று இப்போதே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். பாஸ்வேர்டு தெரியும் என்று அவருடைய கணக்கில் அனுமதியில்லாமல் நுழைந்துவிடாதீர்கள். இதே சட்டத்தின் 2701-ஆம் பிரிவு உங்கள் மேலேயே பாயும்.

கேள்வி: போலீஸ் கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்களா?

பதில்: என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெயர், முகவரி, கணக்கு தொடங்கிய நாள், ஐபி முகவரி, பணம் கட்டிய கார்டு எண் ஆகியவற்றுக்குச் சப்பீனா போதும். அதை நீதிபதி முன்கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. யாருக்கு, எப்போது அனுப்பினீர்கள் என்ற பதிவுகளுக்கு, குறிப்பான காரணங்களைக் காட்டி நீதிபதியிடம் உத்தரவு வாங்க வேண்டும். கடிதத்தின் உள்ளடக்கத்துக்கு வாரண்ட்.

180 நாளைத் தாண்டிய கடிதங்களை வாரண்ட் இல்லாமலும் பெறலாம் என்று சட்ட வாசகம் இன்னும் சொல்கிறது. மின்னஞ்சல் உள்ளடக்கத்துக்கு வாரண்ட் வேண்டும் என்று 2010-ல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த வார்ஷாக் தீர்ப்புக்குப் பின் பெரிய நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. எவ்வளவு பழைய கடிதம் என்றாலும் வாரண்ட் கேட்கின்றன. ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட செல்போன் டவர் இடப்பதிவுக்கும் வாரண்ட் வேண்டும் என்று 2018-ல் கார்பென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஓட்டை இருப்பது அவசரக் கோரிக்கையில்தான். உயிருக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்துடன் நம்பினால் நிறுவனம் எந்த உத்தரவும் இல்லாமல் அரசுக்குத் தகவல் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்றில்லை. திருடப்பட்ட போலீஸ் மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து போலி அவசரக் கோரிக்கை அனுப்பித் தகவல் கறந்தவர்கள் உண்டு. அதனால் நிறுவனம், கோரிக்கை வந்த முகவரியை மட்டும் நம்பாமல், காவல் நிலையத்தைத் தனியாக அழைத்துச் சரிபார்ப்பதே முறை.

கேள்வி: அலுவலக மின்னஞ்சலுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா?

பதில்: 2702-ஆம் பிரிவில் இல்லை. உங்கள் முதலாளி பொதுமக்களுக்குச் சேவை தருபவர் அல்ல. சொந்த விஷயங்களை அங்கிருந்து எழுதாதீர்கள்.

கேள்வி: என் அழைப்பு விவரங்களைத் தனியாருக்கு விற்கலாமா?

பதில்: மேலே சொன்ன சட்டம் இங்கே வியப்பூட்டும் அளவுக்குத் தளர்வானது. உள்ளடக்கம் அல்லாத பதிவுகளை அரசுக்குத்தான் தானாகத் தரக் கூடாது, தனியாருக்குத் தடையில்லை. தொலைபேசி நிறுவனங்களைக் கட்டிப்போடுவது வேறொன்று: வாடிக்கையாளர் தகவலைக் காக்கச் சொல்லும், தகவல்தொடர்புச் சட்டம் என்ற தனிச் சட்டத்தின் 222-ஆம் பிரிவு. வாடிக்கையாளர்களின் இருப்பிடத் தகவலைச் சம்மதமின்றிப் பிறருக்குப் பகிர்ந்ததாக 2024-ல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் பெரிய செல்போன் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 20 கோடி டாலர் அபராதம் விதித்தது. அவை வழக்குக்குப் போயின. உங்கள் கணக்கின் தனியுரிமை அமைப்பில் விளம்பரப் பயன்பாட்டை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்களாகத் தேடினால்தான் கண்ணில் படும்.

கேள்வி: விதியை மீறிக் கொடுத்துவிட்டால்?

பதில்: 2707-ஆம் பிரிவின் கீழ் சிவில் வழக்குப் போடலாம். தெரிந்தே அல்லது வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். மீறல் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்த நாளிலிருந்து, 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இழப்பீடு குறைந்தது 1,000 டாலர். ஆனால் உண்மையான நஷ்டத்தைக் காட்டாமல் அந்தத் தொகை கிடைக்காது என்று சொன்ன நீதிமன்றமும் உண்டு. செலவுக் கணக்கு, ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள். நீதிமன்ற உத்தரவை நல்லெண்ணத்துடன் நம்பித்தான் கொடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் வழக்கு நிற்காது.