டிஎன்ஏவுக்குள் வைரஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஎன்ஏவுக்குள் கணினி வைரஸை எழுதி, அதைப் படிக்கும் கணினியையே கைப்பற்றிக் காட்டினார்கள் என்று அறிந்தேன். எங்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏவை வாசிக்கும் மைசீக் கருவி ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மாதிரிகளை வாங்கவே இப்போது தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கவிதா

அன்புள்ள கவிதா,

மாதிரிகளைத் தாராளமாக வாங்குங்கள். 2017இல் அதைச் செய்துகாட்டிய வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கதவைத் தாங்களே திறந்துவைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். டிஎன்ஏ கோப்புகளைச் சுருக்கும் எஃப்கியூஸட்காம்ப் என்ற மென்பொருளில் அளவு மாறாத நினைவகப் பகுதி ஒன்றைச் செருகி, அது நிரம்பி வழியும்படி 176 எழுத்து டிஎன்ஏவைச் செய்வித்தார்கள். எழுத்துக்கு 2 பிட், ஆக 44 பைட். அப்படியும் கருவி வாசித்த துண்டுகளில், அதாவது ரீட்களில், சுமார் 37 சதவீதத்தில்தான் பலித்தது. மறு இழையிலிருந்து வாசித்த ரீட்களில் நிரல் தலைகீழாக வந்து செத்துவிடுகிறது.

பார்க்க வேண்டியது மேசைமேல் இருக்கும் பெட்டியை. மைசீக்கும் ஒரு விண்டோஸ் கணினிதான். 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் எச்சரித்தது இதைப் பற்றித்தான்: மைசீக்கைச் செய்யும் இலுமினாவின் கருவிகளில் ஓடும் யுனிவர்சல் காப்பி சர்வீஸ் என்ற, கோப்புகளை நகலெடுக்கும் மென்பொருளை, பாஸ்வேர்டு இல்லாமலே, வலைப்பின்னலில் எங்கிருந்தும் தொட முடிந்தது. தீவிரம் 10க்கு 10. மைசீக், நெக்ஸ்ட்சீக் 550, நோவாசீக் 6000 எல்லாம் பட்டியலில் உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள்.

பிறகு கருவியைத் தனி வி-லேனில், அதாவது மற்ற கணினிகளிலிருந்து பிரித்த வலைப்பின்னலில், போட்டு, ஃபயர்வாலில் சேமிப்பு சர்வருக்கும் உற்பத்தியாளர் சொல்லும் முகவரிகளுக்கும் மட்டும் வழி விடுங்கள். அதில் மெயில், பென்டிரைவ் கூடாது. (ஒரு ரன், அதாவது ஒரு சுற்று வாசிப்பு, ஓடும் இரண்டு நாளில் யாராவது யூடியூப் பார்த்திருப்பார்கள், கேட்டால் இல்லை என்பார்கள்.) ரன் நடக்கும்போது ஆன்டிவைரஸின் நிகழ்நேர ஸ்கேனும் வேண்டாம். எழுதப்படும் கோப்பை அது பிடித்து நிறுத்தினால் ரன்னே விழுந்துவிடும். முடிந்தபின் ஸ்கேன் செய்யலாம்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை சாம்பிள் ஷீட்தான். எந்த நோயாளியின் மாதிரிக்கு எந்த இண்டெக்ஸ், அதாவது டிஎன்ஏவில் ஒட்டிய அடையாளக் குறி, என்று சொல்லும் வெறும் சிஎஸ்வி கோப்பு. இரண்டு வரிகளின் இண்டெக்ஸை யாராவது மாற்றிப்போட்டால் இரண்டு நோயாளிகளின் முடிவும் இடம் மாறும். வாசிப்பின் தரத்தைக் காட்டும் க்யூ30யும் கிளஸ்டர் அடர்த்தியும் அப்படியே அழகாக இருக்கும். நீங்கள் கலக்கும் ஃபைஎக்ஸ் என்ற சோதனை டிஎன்ஏவும் காட்டிக்கொடுக்காது, அது ரன்னின் தரத்தைத்தான் சொல்லும். ஆகவே ஷீட்டின் மூலப்பிரதியும், அதில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணும் வேறு கணினியில் இருக்கட்டும். முடிவு அனுப்புமுன் ஒப்பிடுங்கள். மரபணு வகை முன்பே தெரிந்த மாதிரி ஒன்றை ஒவ்வொரு ரன்னிலும் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் அது தன் இடம் மாறியதை மட்டுமே சொல்லும். மற்றவற்றுக்கு, ரத்தம் வந்த அன்றே ஒரு பங்கைத் தனியாக எடுத்து, ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ எழுத்துகளான எஸ்என்பிகள் சிலவற்றைப் பார்த்துக் குறித்துவைத்து, பிறகு சீக்வென்ஸோடு பொருத்திப் பாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் நோயாளியின் பாலினத்தையாவது ஒப்பிடுங்கள். ஏறக்குறைய பாதி இடமாற்றங்கள் அதிலேயே பிடிபட்டுவிடும்.